குழாயை யார் கழுவுவது?

“வடகிழக்குப் பருவமழைக் காலத்தைக் கருத்தில்கொண்டு, நமது குடியிருப்பில் அமைக்கப்பட்டுள்ள மழைநீர் சேகரிப்புக் கட்டமைப்பினைத் தூய்மைப்படுத்தும் பணியானது குடியிருப்போர் அனைவரின் ஒத்துழைப்புடன் விரைவில் மேற்கொள்ளப்பட வேண்டியது அவசியமானதாகும்.”

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் எழுதிக் கொடுத்த அறிவிப்பு இப்படித் தொடங்கியது. அவர் ஓய்வுபெற்ற பொறியாளர். எதையும் பொறுப்போடு செய்கிறவர். வாக்கியத்தில் எழுத்துப் பிழை இல்லை, சந்திப் பிழையும் இல்லை. ஆனால் இதைப் படித்து முடித்தவர் போய்ச் செய்வதற்கு இதில் ஒரு வேலையும் இல்லை. எதைக் கழுவ வேண்டும், யார் கழுவ வேண்டும், என்றைக்குக் கழுவ வேண்டும் என்ற மூன்றையும் வாக்கியம் விழுங்கிவிட்டது. கையில் பால் பாக்கெட்டோடு லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது படிக்கிறவர், “சரி, யாரோ ஏதோ செய்யப்போகிறார்கள்” என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

நான் புத்தகங்களைச் செம்மைப்படுத்தும் வேலை செய்கிறேன். ஜனவரியில் வரும் சென்னைப் புத்தகக் காட்சிக்காகப் பதிப்பகங்கள் பரபரக்கத் தொடங்கிவிட்டதால், மேசையில் பிரதிகள் குவிந்திருக்கின்றன. இருந்தாலும், “ஒரு பக்கம்தான் அம்மா, கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா?” என்று செயலாளர் கேட்டபோது மறுக்கத் தோன்றவில்லை. நாவலில் ஒரு வாக்கியம் மங்கலாக இருந்தால் வாசகர் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுவார். இந்த அறிவிப்பு மங்கினால் நல்ல தண்ணீர் தெருவில் ஓடும்.

திருவான்மியூரில் எங்கள் பகுதி மணல் நிலம். மழைநீரை மளமளவென்று உறிஞ்சிக்கொள்ளும். கடலும் பக்கத்திலேயே இருக்கிறது. நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்து, மழைநீரைத் திரும்ப உள்ளே விடாமல் போனால், கடல்நீர் நகர்ந்து வந்து கிணறு உவர்த்துவிடும். 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைச் சென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குழாய்கள் இருக்கின்றன. மழைக்கு முன்னால் அவற்றைச் சுத்தம் செய்வதுதான் நடப்பதில்லை. ஆகவே இந்த ஒரு பக்கத்தை ஒரு முழுப் புத்தகத்துக்குச் செலவிடும் கவனத்தோடு திருத்த வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் திருத்தும் விதத்தைச் சொல்கிறேன். பிரதியைத் தாளில் அச்சிட்டுக்கொள்வேன். பென்சிலால் ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைமுற்றை அடிக்கோடிடுவேன். பிறகு அந்த வினையைச் செய்கிறவர் யார் என்று தேடி, அந்தப் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். வட்டமே போட முடியவில்லை என்றால் அந்த வாக்கியத்தில் ஆள் இல்லை. வட்டத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் வெகு தூரம் இருந்தால், வாசகர் அவ்வளவு தூரமும் எல்லாவற்றையும் மனத்தில் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அது வந்து சேரும்வரை, நடந்ததா, நடக்கப்போகிறதா, நடக்கவே இல்லையா என்று வாசகருக்குத் தெரியாது. சிறிய வாக்கியத்தில் அந்தக் காத்திருப்பு சுகம். நீண்ட வாக்கியத்தில், அதுவும் இரவு எட்டு மணிக்கு அலுவலகத்திலிருந்து களைத்துத் திரும்புகிறவருக்கு, அது தண்டனை.

செயலாளரின் முதல் வாக்கியத்தில் நான் அடிக்கோடிட்டது ‘அவசியமானதாகும்’ என்ற சொல்லை. அது செயலே அல்ல. உண்மையான செயல் ‘தூய்மைப்படுத்தும்’ என்ற பெயரெச்சமாகச் சுருங்கி நடுவில் கிடக்கிறது. அதன் மேல் ‘பணி’ ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதன் மேல் ‘மேற்கொள்ளப்பட’, அதன் மேல் ‘வேண்டியது’. இவை எல்லாம் சேர்ந்து ‘கழுவுவோம்’ என்ற ஒரே சொல்லின் வேலையைத்தான் செய்கின்றன. ‘ஆய்வு மேற்கொண்டார்’ என்பது ஆராய்ந்தார். ‘விசாரணை நடத்தப்பட்டு வருகிறது’ என்பது விசாரிக்கிறார்கள். ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பதற்கு என்ன செய்வார்கள் என்று எழுதியவரிடமே கேட்டுத்தான் திருத்த வேண்டும். செயலைப் பெயராக்கி, அதைத் தூக்கிச் செல்ல இன்னொரு வினையைக் கூலிக்கு வைக்கும் இந்தப் பழக்கம் அரசாணைகளிலிருந்து வந்து நம் எல்லோர் கையிலும் ஒட்டிக்கொண்டது.

‘படு’ என்ற துணைவினையை நான் பகைப்பதில்லை. ‘கொல்லப்பட்டார்’ என்று எழுத வேண்டிய இடத்தில், கொன்றவர் யார் என்று தெரியாதபோது, அதுதான் நேர்மையான சொல். ஆனால் அறிவிப்பில், விண்ணப்பத்தில், செய்முறை விளக்கத்தில் அது ஆளை மறைத்துவிடுகிறது. ஆள் மறைந்தால் வேலை நடக்காது. ‘மொட்டை மாடி பெருக்கப்பட வேண்டும்’ என்று எழுதினால் மாடி அப்படியே கிடக்கும். ‘சனிக்கிழமை காலை காவலாளி மொட்டை மாடியைப் பெருக்குவார்’ என்று எழுதினால், சனிக்கிழமை மதியம் சருகு கிடந்தால் யாரைக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும்.

சில சொற்களை எங்கே பார்த்தாலும் பென்சில் தானாகவே நகர்கிறது. ‘நீரானது’, ‘குழாயானது’ என்பவற்றில் உள்ள ‘ஆனது’. ‘இருக்கக்கூடிய’, ‘வரக்கூடிய’, ‘செய்யக்கூடிய’ என்று தொலைக்காட்சி நேரலைகளில் மூச்சு வாங்குவதற்காக இழுக்கும் ‘கூடிய’. பேசும்போது அதற்கு ஒரு பயன் உண்டு, அடுத்த சொல்லைத் தேட நேரம் கிடைக்கிறது, தாளில் அந்தத் தேவை கிடையாது. பட்டியலின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும் ‘மற்றும்’. மணலும் ஜல்லியும் கூழாங்கல்லும் என்று எழுதினால் ‘உம்’ அந்த வேலையை அழகாகச் செய்துவிடுகிறது.

ஆனால் சொற்களை நீக்குவதே திருத்தம் என்று எண்ணினால் ஆபத்து. இதைச் செயலாளரின் இரண்டாம் வரைவு எனக்கு நன்றாகக் காட்டியது. ‘ஆள் தெரியட்டும், சுருக்கமாக இருக்கட்டும் சார்’ என்று நான் சொன்னதில் ‘சுருக்கம்’ மட்டும் அவர் மனத்தில் தங்கிவிட்டது போலும். மறுநாள் காலை இப்படி எழுதி அனுப்பினார்: “மாடி, குழாய், வடிகட்டி சுத்தம். ஞாயிறு காலை. ஒத்துழைக்கவும்.”

வேலை செய்யப்போகிற பிளம்பருக்குத் தொலைபேசியில் இதை வாசித்துக் காட்டினேன். பிரதியைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அந்த வேலையைக் கையால் செய்கிறவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு, அவர் என்ன கேட்கிறார் என்று கேட்டுக்கொள்வேன். அவர் கேட்டார்: “எந்தக் குழாய் அக்கா? தெருப்பக்கமா, கிணற்றுப் பக்கமா? வடிகட்டியில் மணலை மாற்ற வேண்டுமா, அலசினால் போதுமா?” மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஓர் அம்மாவிடமும் காட்டினேன். “ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வராதா?” என்பது அவர் கேள்வி. ‘ஒத்துழைக்கவும்’ என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருடைய கேள்வியும்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்கிறது. அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது ‘குன்றக் கூறல்’. ‘மிகைபடக் கூறல்’ அதற்கு அடுத்துத்தான் வருகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இந்த வரிசையை நான் கவனித்ததில்லை. தொழிலுக்கு வந்த பிறகு அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பத்து அழகுகளைச் சொல்லும்போதும் ‘சுருங்கச் சொல்லல்’ என்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் ‘விளங்க வைத்தல்’ என்கிறார். இரண்டும் அடுத்தடுத்து நிற்பதில் எனக்கு ஒரு செய்தி இருக்கிறது. சுருக்கியது விளங்காவிட்டால் அந்தச் சுருக்கத்தை யாரும் கேட்கவில்லை.

அதனால் ஓர் இடத்தில் நானே வாக்கியத்தை நீட்டினேன். செயலாளர் முதல் வரைவில் “இதன் மூலம் கணிசமான அளவிலான நீர் சேமிக்கப்படக்கூடும்” என்று எழுதியிருந்தார். கணிசம் என்றால் எவ்வளவு? அவர் பொறியாளர் ஆயிற்றே, கேட்டவுடன் கணக்குப் போட்டார். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மொட்டை மாடி ஏறத்தாழ 200 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்யும் நாளில் அதன் மேல் 10,000 லிட்டர் விழுகிறது. அவர் கணக்குச் சொல்லி முடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் “ஒரு லாரித் தண்ணீர்!” என்றோம். கோடையில் லாரிக்குப் பணம் கட்டி, அது எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொருவருக்கும் அந்த அளவு உடம்பில் தெரியும். ‘கணிசமான அளவிலான’ என்பதை அடித்துவிட்டுக் கணக்கை அப்படியே எழுதினேன். வாக்கியம் இரு மடங்கு நீண்டது. ஆனால் அறிவிப்பிலேயே மிகவும் தெளிவான இடம் அதுதான்.

இன்னோர் இடத்தில் அவருடைய தயக்கத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. “உவர்நீர் ஊடுருவலானது தடுக்கப்படக்கூடிய வாய்ப்புகள் உள்ளன” என்று இருந்தது. ‘உவர்நீர் வருவதைத் தடுக்கும்’ என்று திருத்தினால் சொற்கள் குறையும், உண்மையும் குறையும். ஒரு குடியிருப்பு மட்டும் மழைநீரை உள்ளே விட்டுக் கடலை நிறுத்திவிட முடியாது. தெரு முழுவதும் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். ‘கூடிய’, ‘வாய்ப்புகள்’ எல்லாம் அந்தத் தயக்கத்தைச் சொல்ல அவர் பிடித்துக்கொண்ட கழிகள். தயக்கம் சரியானது, கழிகள் தேவையில்லை. “மழைநீரைக் கிணற்றுக்குள் விட்டால் உப்பு ஏறுவது குறையும். பக்கத்துக் குடியிருப்புகளும் செய்தால் இன்னும் குறையும்” என்று எழுதினேன். எழுதியவர் எதற்காகச் சுற்றி வளைத்தார் என்று புரிந்துகொள்ளாமல் வளைவை நிமிர்த்தக் கூடாது. வளைவுக்குள் சில நேரம் நியாயமான ஓர் எச்சரிக்கை ஒளிந்திருக்கும்.

பெயரெச்சங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் தமிழ் வாசகர் வழி தவறுவது எளிது. “கடந்த மழையில் உடைந்த மூன்றாம் மாடிப் பால்கனிக் குழாய்” என்றால் உடைந்தது மாடியா, பால்கனியா, குழாயா? எழுதியவருக்குத் தெரியும், புதிதாகக் குடிவந்தவருக்குத் தெரியாது. ‘உடைந்த’ என்பதன் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டால் ஓரளவு தெளியும். (தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் ஆறுமுக நாவலர். அவருடைய அச்சகம் நம் சென்னையின் தங்கசாலைத் தெருவில் இருந்தது. இன்று அந்தத் தெருவில் நெரிசலுக்கு நடுவே நடக்கும்போதெல்லாம் அவருடைய காற்புள்ளிகளை நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.) ஆனால் காற்புள்ளியைவிட நல்ல மருந்து, வாக்கியத்தைத் திருப்பிப் போடுவது: “மூன்றாம் மாடிப் பால்கனியில் உள்ள குழாய் கடந்த மழையில் உடைந்தது.” உடைந்ததும் குழாயும் ஒரே வாக்கியத்தின் எழுவாயும் பயனிலையுமாகிவிட்டன, இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை.

நீளமான வாக்கியம் என்றாலே வெட்டிவிட வேண்டும் என்ற கருத்தை நான் ஏற்பதில்லை. ‘பெருக்கி, கழுவி, மூடியைத் திறந்து, மணலை எடுத்து, அலசி, காயவைத்து, மீண்டும் நிரப்பினார்’ என்று எச்சங்களாக அடுக்கிப் போவது தமிழின் இயல்பான நடை. செய்கிறவர் ஒருவர், வேலைகள் நடக்கும் வரிசையிலேயே சொற்கள் வருகின்றன. இதை ஏழு குட்டி வாக்கியங்களாக உடைத்தால் தந்தி வாசிப்பதுபோல் இருக்கும். தொல்லை தொடங்குவது, நடுவழியில் ஆள் மாறும்போது. செயலாளரின் வரைவில் இப்படி ஒன்று இருந்தது: “குழாய்களைச் சுத்தம் செய்து, வடிகட்டியைத் திறந்து, மணலை வெளியே எடுத்து, குடியிருப்போர் தங்கள் பால்கனிப் பூந்தொட்டிகளை நகர்த்தி வைக்க வேண்டும்.” ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் பொதுவாகத் தன் கருத்தாவின் வினையைக் கொண்டே முடியும் என்பது பழைய இலக்கணம். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று காரணமும் விளைவுமாக வரும் வழக்கு வேறு. இங்கே அந்த விதியின்படி பார்த்தால், மூன்றாம் மாடி அம்மா வடிகட்டியைத் திறந்து மணல் அள்ள வேண்டும். அவருக்கு முழங்கால் வலி. இலக்கண விதி ஒரு குடியிருப்பில் யாருடைய முழங்காலைக் காப்பாற்றுகிறது என்று பார்க்கும்போது எனக்கு அந்த விதி மேல் அன்பு கூடுகிறது. வாக்கியத்தை ஆள் மாறும் இடத்தில் மட்டும் வெட்டினேன்.

லிஃப்ட் அருகே ஒட்டுவதற்காக நான் திருத்திக் கொடுத்தது இதுதான்:

“மழை தொடங்கும் முன் நம் மாடியையும் மழைநீர்க் குழாய்களையும் சுத்தம் செய்கிறோம்.

சனிக்கிழமை காலை காவலாளி மொட்டை மாடியைப் பெருக்குவார். மாடியில் நீங்கள் வைத்திருக்கும் பழைய பொருள்களை வெள்ளிக்கிழமை இரவுக்குள் எடுத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குப் பிளம்பர் வருவார். தெருப்பக்கக் குழாய், கிணற்றுப் பக்கக் குழாய் இரண்டையும் கழுவுவார். வடிகட்டியில் உள்ள ஜல்லியையும் கூழாங்கல்லையும் அலசிப் போட்டு, மணலை மட்டும் புதிதாக மாற்றுவார். பால்கனிக் குழாய் அருகில் பூந்தொட்டி வைத்திருப்பவர்கள் அன்று ஒரு நாள் நகர்த்தி வையுங்கள்.

வீட்டுக் குழாய்களில் தண்ணீர் வழக்கம்போல் வரும்.

முதல் மழை அன்று மாடியின் தூசி தண்ணீரோடு வரும். அன்று மட்டும் காவலாளி வால்வைத் திருப்பி அதை வெளியே விடுவார். மறுநாளிலிருந்து மழைநீர் கிணற்றுக்குள் போகும்.

நம் மாடியின் பரப்பு 200 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன் மேல் 10,000 லிட்டர் விழுகிறது. அது ஒரு லாரித் தண்ணீர். கிணற்றுக்குள் விட்டால் உப்பு ஏறுவது குறையும். பக்கத்துக் குடியிருப்புகளும் செய்தால் இன்னும் குறையும்.”

செயலாளர் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. ஆனால் சங்கத்தின் அறிவிப்பு மாதிரி இல்லையே. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்வது போல் இருக்கிறது” என்றார். அவர் கவலை எனக்குப் புரிந்தது. ‘அவசியமானதாகும்’ என்று எழுதும்போது எழுதியவருக்கு ஒரு கனம் கிடைக்கிறது. பதவியில் பல ஆண்டுகள் இருந்தவர்களுக்கு அந்தக் கனம் மரியாதையின் அடையாளம். “சார், நீங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தானே?” என்றேன். சிரித்தார்.

ஆனால் ஒன்றில் அவர் விடவில்லை. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் முன்னால் ‘தயவுசெய்து’ வர வேண்டும் என்றார். ‘எடுத்துவிடுங்கள்’, ‘நகர்த்தி வையுங்கள்’ என்பவற்றில் உள்ள ‘உங்கள்’ மரியாதையே போதும் என்பது என் கட்சி. ‘எடுக்கவும்’, ‘நகர்த்தவும்’ என்று எழுதியிருந்தால்தான் அது அலுவலகப் பலகை போல விறைப்பாக இருந்திருக்கும், அப்போது ‘தயவுசெய்து’ போட்டு அதை மென்மையாக்க வேண்டியிருந்திருக்கும். பேசிப் பார்த்ததில், பூந்தொட்டிகளை நகர்த்தும் வரியில் மட்டும் அதைச் சேர்ப்பது என்று உடன்பட்டோம். அது உண்மையிலேயே குடியிருப்போருக்குச் சிரமம் தரும் வேலை; கனமான தொட்டிகள், வயதானவர்கள். அந்த ஒரு வரியில் ‘தயவுசெய்து’ தன் முழு எடையோடு நிற்கிறது. அதற்குப் பின்னால், தூக்க முடியாதவர்கள் காவலாளியிடம் சொன்னால் அவர் வந்து நகர்த்தித் தருவார் என்று இன்னொரு வாக்கியத்தையும் செயலாளரே தன் கையெழுத்தில் சேர்த்தார். அதில் நான் ஓர் எழுத்தும் மாற்றவில்லை.